நூற்றுத் தொண்ணூற்றுக்குக் குறுக்கே ஒரு கோடு

அந்தச் சலூன்காரருக்குத் தெரு வைத்திருந்த பெயர் ரேடியோ. காலையில் கடையின் இரும்புக் கதவைத் தூக்கும்போது திறக்கிற வாய், அதை இறக்கிப் பூட்டும்போதுதான் மூடும். கடையில் மூன்று நாற்காலிகள். இரண்டு ஒழுங்காக வேலை செய்யும். மூன்றாவதில் உட்கார்ந்தால் அது ஆளை மெல்ல மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே போகும். வெட்டி முடிக்கும்போது வந்தவருக்குக் கண்ணாடியில் தன் நெற்றி மட்டும்தான் தெரியும். "உங்களுக்குன்னு இல்ல சார், இதுல யார் உக்காந்தாலும் பணிவு தானா வந்துரும்" என்பார். வந்தவரும் சிரித்துவிடுவார். இப்படிச் சிரிக்கவைத்தே நான்கு வருடமாக அந்த நாற்காலியைப் பழுது பார்க்காமல் ஓட்டிக்கொண்டிருந்தார்.

பேச்சைவிட அவருக்குக் கைவந்த வித்தை ஒன்று உண்டு. அடுத்தவர் கேலி செய்வதற்குள் தன்னைத் தானே கேலி செய்துகொள்வது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் எழுத்துகள் கண் முன்னால் குதிக்கும், வகுப்பே சிரிக்கும். ஒருநாள் வாத்தியார் கூப்பிட்டதுமே, "சார், நான் வாசிச்சா பாடத்துக்கே புரியாது" என்று முந்திக்கொண்டார். அன்றைக்கும் வகுப்பு சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பு வலிக்கவில்லை. பத்து வயதில் கற்றுக்கொண்ட இந்தத் தந்திரத்தை நாற்பத்தாறு வயது வரைக்கும் அவர் கைவிடவே இல்லை.

அதுவும் படித்தவர்கள் என்றால் மனிதர் அப்படியே குழைந்துவிடுவார். பேங்க் மேனேஜர் ஒருவர், அடிக்கடி மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்று ஒருநாள் நாற்காலியில் உட்கார்ந்தபடி விளக்கம் கொடுத்தார். முப்பது வருடமாகத் தலைகளோடு குடும்பம் நடத்துகிறவருக்கு அது சுத்தப் பேத்தல் என்று தெரியும். "நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும், நான் எங்க படிச்சேன்?" என்று சிரித்தார். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. அதனால் அது ஒரு குறையாக யார் கண்ணிலும் படவும் இல்லை.

மருத்துவக் கல்லூரி மாணவர்கள் அவர் கடைக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான்கு பேர், இஸ்திரி கலையாத வெள்ளைக் கோட்டு. மக்களுக்குத் தொண்டு செய்வதும் அவர்கள் படிப்பில் ஒரு பாடமாம். வருடத்துக்கு நாற்பது மணி நேரம் செய்து கையெழுத்து வாங்க வேண்டுமாம். ஆண்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள், ஆனால் முடி வெட்டிக்கொள்ள வந்தே தீர வேண்டும். ஆகவே சலூன்களிலேயே ரத்த அழுத்தம் பார்ப்பது என்பது அவர்கள் திட்டம். அதோடு விடவில்லை. தாங்கள் இல்லாத நாளிலும் வேலை நடக்க, சலூன்காரர்களுக்கே பிரஷர் பார்க்கக் கற்றுக்கொடுப்பதாகவும் சொன்னார்கள்.

"எனக்கா? என் கையில கத்திதான் நிக்கும், டாக்டரம்மா" என்றார் ரேடியோ.

"அதைவிட இது ஈஸிண்ணா" என்றாள் அந்த மாணவி. நான்கு பேரில் அவர் கடைக்கென்று ஒதுக்கப்பட்டவள் அவள்தான். மூன்றாம் வருடம். கண்ணாடி போட்ட, சுறுசுறுப்பான பெண். கைப்பட்டையை எங்கே சுற்றுவது, ரப்பர் பல்பை எப்படி அமுக்குவது, காற்றை எவ்வளவு மெதுவாகத் திறந்துவிடுவது எல்லாவற்றையும் புத்தகத்தில் உள்ளபடியே சொன்னாள். "முள்ளு இறங்கிட்டே வரும். எந்த இடத்துல முதல்ல டக்குன்னு கேக்குதோ அது மேல் அளவு. எந்த இடத்துல சத்தம் நிக்குதோ அது கீழ் அளவு. அவ்ளோதான்."

அவ்வளவுதான் இல்லை. முதல் இரண்டு ஞாயிறும் அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. காரணம் வேறொன்றுமில்லை, ஸ்டெத்தாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டும் பேசிக்கொண்டே இருந்தார். மூன்றாவது ஞாயிறு வாயை மூடினார். ரேடியோ வாயை மூடியதைப் பார்க்க, காத்திருந்தவர்களும் பேச்சை நிறுத்தினார்கள். அப்போது கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு யாரோ விரலால் தட்டுவது போல, டக், டக், டக். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த தபால்காரரின் ரத்தம் ஓடுகிற சத்தம் அது. "கேக்குது! உள்ள கேக்குது!" என்று கத்தினார். தபால்காரர் பயந்துபோய் எழுந்துவிட்டார்.

அதற்கப்புறம் அவர் காது பழகிக்கொண்டது. பழகாமல் என்ன? கத்தரிக்கோல் முனை மழுங்கியதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே சத்தத்தில் கண்டுபிடிக்கிறவர் அவர். கூட வந்த ஒரு மாணவன் இரண்டு மூன்று தடவை அவருக்குப் பின்னால் தானும் அளந்து பார்த்துவிட்டு, "கரெக்டா இருக்குண்ணா" என்று கைகொடுத்தான். அன்றைக்கு வீட்டில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவிக்கு இரண்டு தடவை, பக்கத்து வீட்டுக்காரருக்கு மூன்று தடவை பிரஷர் பார்த்தார். மனைவி கடைசியில், "எனக்கு பிரஷர் இல்ல, நீங்கதான் ஏத்திவிடுறீங்க" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

ஒரு விதி மட்டும் இருந்தது. சலூன்காரர் பார்த்து மேல் அளவு நூற்றறுபதைத் தாண்டினால், மாணவர் ஒருவர் தானும் ஒருமுறை பார்த்து உறுதி செய்ய வேண்டும். உறுதியானால் மஞ்சள் சீட்டு கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். நல்ல விதிதான். யார் போட்டிருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள்.

பத்தாவது ஞாயிறோ பதினோராவதோ, அவருடைய தங்கை புருஷன் முடிவெட்ட வந்தார். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். ஓங்குதாங்கான ஆள். தும்மினால் தெருமுனைக்குக் கேட்கும். "என்ன மச்சான், டாக்டர் ஆயிட்டீங்களாமே? ஊசி போடுவீங்களா?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டினார்.

"ஊசி என்ன மாப்ள, ஆபரேஷனே பண்றேன். கத்திதான் கையிலேயே இருக்கே" என்றார் இவர். கடையில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் ஸ்டெத்தாஸ்கோப்பை மாட்டியதும் வழக்கம்போல எல்லோரும் அமைதியானார்கள்.

முள் இருநூற்றிலிருந்து இறங்கியது. நூற்றுத் தொண்ணூற்றில் முதல் தட்டல் விழுந்தது. அவர் நம்பவில்லை. காற்றை முழுசாக விட்டு, கொஞ்சம் பொறுத்து, மறுபடி ஏற்றினார். நூற்றுத் தொண்ணூறு. பட்டையைக் கழற்றி அடுத்த கையில் கட்டினார். அதே இடம். சத்தம் நின்றது நூற்றுப் பத்தில். பெயரும் விலாசமும் எழுதிவைக்கிற தாளில் பென்சிலால் 190/110 என்று எழுதினார். மஞ்சள் சீட்டை எடுத்து மாப்பிள்ளையின் பெயரைப் பாதி எழுதிவிட்டு, மாணவியைக் கூப்பிட்டார்.

அவள் வந்து பார்த்தாள். ஒரே ஒரு தடவை. முள் இறங்கும்போது அவள் அதைப் பார்க்காமல் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்ததை இவர் கவனித்தார். அப்போது அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் பட்டையைக் கழற்றினாள்.

"நூத்தி முப்பது, எண்பது. நார்மல்."

"இல்லம்மா, எனக்கு நூத்தித் தொண்ணூறுல…"

"டியூப் சட்டையில உரசினாலும் டக்குன்னு கேக்கும்ணா. அதைக் கேட்டிருப்பீங்க." அவள் நீல மைப் பேனாவால் அவருடைய எண்ணுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 130/80 என்று எழுதினாள்.

மாப்பிள்ளை கடகடவென்று சிரித்தார். "மச்சான் என்னை ஒரே அடியா அனுப்பிவைக்கப் பாத்தாரு!" காத்திருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ரேடியோ என்ன செய்தார்? அவரும் சிரித்தார். சிரித்தது மட்டுமா, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "நான் என்ன டாக்டரா? என் காதுக்கு எதிர்வீட்டுச் சண்டைதான் சரியாக் கேக்கும்" என்றார். பாதி எழுதின மஞ்சள் சீட்டைக் கிழித்துக் கீழே கிடந்த முடியோடு பெருக்கித் தள்ளினார். இரண்டு கையிலும் மூன்று தடவை கேட்ட சத்தம் டியூப் உரசுகிற சத்தம் இல்லை என்று அவருக்கு அந்த நிமிஷமே தெரியும். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. இன்னொரு தடவை பாருங்கம்மா என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாள் முழுக்க வாய் ஓயாதவருக்கு அந்த நாலு வார்த்தை வரவில்லை.

சாயங்காலம் தங்கை போனில் பேசியபோது, "அவருக்கு பிரஷர் பாத்தியாமேண்ணே, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"நார்மல்" என்றார்.

பத்தொன்பது நாள் கழித்து, ஸ்கூல் வாசலில் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வேன் கதவைச் சாத்தப் போன மாப்பிள்ளைக்கு வலது கை எழவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கிப் பார்த்தாராம். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வாட்ச்மேன் வந்து என்ன என்று கேட்டபோது பேச்சு குழறியது. ரத்த அழுத்தத்தால் மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். உயிர் பிழைத்தது. வலது பக்கம் போனது, பேச்சு போனது.

வார்டு டாக்டர் தங்கையிடம், "இதுக்கு முன்னாடி பிரஷர் எப்பவாவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தோம் சார். போன மாசம்தான். எங்க அண்ணன் கடையில, மெடிக்கல் காலேஜ் பிள்ளைங்க பாத்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. இல்லண்ணே?" என்று அவள் திரும்பினாள்.

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசுகிறது. கடையில் சிரித்ததற்காவது நாலு பேர் முன்னால் என்ற சாக்கு உண்டு. இங்கே சுற்றிலும் யார் இருந்தார்கள்? தங்கையும் அந்த டாக்டரும்தான், சிரிக்க ஆள் இல்லை.

மாப்பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் போய் அவருக்குச் சவரம் செய்வதை இவர் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். "எங்கண்ணன் மாதிரி யாருக்கு வாய்க்கும்" என்று தங்கை அக்கம்பக்கத்தில் சொன்னாள். அது காதில் விழுந்த நாளெல்லாம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று படியேறுவார். டீயைக் குடித்துவிட்டு இறங்குவார். கடையிலும் பேச்சு குறைந்துபோனது. ரேடியோவுக்கு பேட்டரி தீர்ந்துவிட்டது என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்தார்கள். வீட்டுக் கவலை என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், அந்த மாணவி தனியாக வந்தாள். கோட்டு இல்லை. மாப்பிள்ளைக்கு நேர்ந்தது, ஞாயிறுகளில் கூட வருகிற மாணவன் மூலமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பழுதான நாற்காலியில் உட்கார்ந்தவள், அது கீழே இறங்குவதைக்கூடக் கவனிக்காமல் அழுதாள்.

"எனக்கு எதுவுமே கேக்கலண்ணா. அன்னைக்கு மட்டும் இல்ல. முதல் வருஷத்துலேர்ந்தே கேக்காது."

"கேக்காதுன்னா?"

"கிளாஸ்ல சார் ஒருத்தர் கையில வெச்சு, கேக்குதான்னு ஒவ்வொருத்தரா கேட்டாரு. எல்லாரும் கேக்குதுன்னாங்க. நானும் கேக்குதுன்னேன். அப்புறம் எப்படிப் போய் கேக்கலன்னு சொல்றது? வயசைப் பாப்பேன், ஆளைப் பாப்பேன், ஒரு நம்பர் எழுதிடுவேன். இவ்ளோ நாள் யாரும் கண்டுபிடிக்கல."

அவர் கையில் சீப்போடு நின்றார். கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. ஆமாம், நிம்மதிதான். அப்பாடா, தப்பு செய்தவள் இதோ உட்கார்ந்திருக்கிறாள், தன் வாயாலேயே ஒத்துக்கொள்கிறாள் என்று அவர் மனசு குதித்தது. அடுத்த நிமிஷமே அவள் சொன்னாள்: "உங்க தங்கச்சிகிட்ட வந்து நானே சொல்லணும்ணா. வீடு எங்கன்னு சொல்லுங்க."

"வேணாம்மா" என்றார் அவசரமாக. "சின்னப் பொண்ணு நீ. விஷயம் வெளிய போனா உன் படிப்பு என்ன ஆகும்? நடந்தது நடந்துபோச்சு. விட்டுரு."

எவ்வளவு பெரிய மனசு என்று அவள் நினைத்திருப்பாள். பெரிய மனசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இவள் போய் வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி தன்னிடம்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் படிப்பைத் தூக்கித் தனக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்.

அவர் பேச்சை அவள் கேட்கவில்லை. நேராகப் போய்த் தன் துறைத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவள் பார்த்த நாற்பத்து மூன்று பேரையும் கல்லூரியில் திரும்பக் கூப்பிட்டு அளக்க ஆரம்பித்தார்கள். அவளைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. வீட்டு விலாசம் அவளுக்கு, கடையில் பிரஷர் அளவு எழுதின அந்தத் தாளிலேயே கிடைத்தது.

வெள்ளிக்கிழமை காலை, மாப்பிள்ளையை ஜன்னல் ஓரமாக உட்காரவைத்து, கழுத்தில் துண்டு சுற்றி, முகம் முழுக்க நுரை பூசியிருந்தார். உணர்ச்சி உள்ள இடது கன்னத்தை எப்போதும் முதலில் வழித்துவிடுவார். தொங்கிப்போன வலது பக்கத்துக்கு நேரம் பிடிக்கும். தோலை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, வெட்டினாலும் மாப்பிள்ளைக்குத் தெரியாது என்பதால் இன்னும் மெதுவாகப் போக வேண்டும். இடது பக்கம் முடிந்த நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. தங்கை கதவைத் திறந்தாள்.

வாசலில் நின்றபடியே அந்தப் பெண் சொல்லிவிட்டாள். உள்ளே வா என்று தங்கை சொல்லும்வரைகூடப் பொறுக்கவில்லை. "அக்கா, கடையில சாருக்கு பிரஷர் பாத்தது நான்தான். எனக்கு அன்னைக்கு ஒண்ணுமே கேக்கல. கேக்கலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நானா ஒரு நம்பரை எழுதினேன்."

தங்கை கத்தவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நானான்னா… சும்மாவா?"

"சும்மாக்கா." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அண்ணன் சரியாத்தான் பாத்திருந்தாரு. நூத்தித் தொண்ணூறுன்னு எழுதியும் வெச்சிருந்தாரு. நான்தான் அதை அடிச்சிட்டேன். தப்பாக் கேட்டுருப்பீங்கன்னு நான் சொன்னதை அண்ணன் நம்பிட்டாரு. அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

காப்பாற்றத்தான் சொன்னாள், பாவம். தங்கை திரும்பி அண்ணனைப் பார்த்தாள். மாப்பிள்ளையும் பார்த்தார், அவருக்குப் பேச்சுதான் போயிருந்தது, காது நன்றாகவே கேட்கும்.

"நம்பினியாண்ணே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அந்தப் பெண்ணே வழி செய்து கொடுத்துவிட்டாள். படித்தவள் சொன்னாள், படிக்காதவன் நம்பினான். கேட்கிற யாரும் ஒத்துக்கொள்வார்கள். அவருடைய வாய் பழக்கத்தில் சிரிப்பதற்குக் கோணியது. மாப்பிள்ளையின் கண் அவர் முகத்தைவிட்டு நகரவில்லை.

"இல்லம்மா" என்றார். "நம்பல. ரெண்டு கையிலயும் பாத்தேன். நல்லாவே கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் எங்கிட்ட நார்மல்னு சொன்னே?"

"கடையில நாலு பேர் சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டேன். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னு…"

தங்கை மறுபடி வாசல் பக்கம் திரும்பினாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "நீ போம்மா. நீ சொல்லவாவது வந்தே" என்றாள். அதில் அன்பும் இல்லை, கோபமும் இல்லை. அந்தப் பெண் படியிறங்கிப் போனாள்.

தங்கை ஜன்னல் பக்கம் வந்தாள். அண்ணன் கையில் இருந்த கத்தியைப் பார்த்தாள், அவர் தானாகவே அதை மடக்கினார். புருஷனின் கழுத்தில் இருந்த துண்டை அவிழ்த்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, வலது கன்னத்து நுரையை மெதுவாகத் துடைத்தெடுத்தாள். உள்ளேயிருந்து இரண்டு நாள் முடி நரையும் கறுப்புமாகத் தெரிந்தது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார்.

"மீதியை நான் பாத்துக்கறேன்" என்றாள், அண்ணனைப் பார்க்காமல். "இனிமே நீ வர வேணாம்."

அவர் கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் கழுவாமலே பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு எழுந்தார். முப்பது வருடத் தொழிலில் ஒரு முகத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை.